ரெண்டும் மூணு டன் தாங்கும்

ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் தெருக்களில், எந்த வீட்டு விசேஷத்துக்கும் ஆண்ட்ரூவைக் கூப்பிடுவதற்கு முன் வீட்டார் கொஞ்சம் கூடிப் பேசுவார்கள். அவர் குடித்துவிட்டு வந்து கலாட்டா செய்பவர் அல்ல. மைக்கைப் பிடித்துப் பாடுபவரும் அல்ல. கேள்வி கேட்பவர், அவ்வளவுதான். அதுவும் ஒரே ஒரு கேள்வி. "தனித்தனியாவா, சேத்தா?"

மேலோட்டமாகப் பார்த்தால் அப்பாவிக் கேள்வி. ஆனால் இந்தக் கேள்வியால் ஒரு சமையல்காரர் பாதிப் பந்தியில் கரண்டியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். "அம்பது பேருக்கு ரெண்டு முட்ட" என்று சொன்னது அவர் குற்றம்தான் என்றாலும்.

ஆண்ட்ரூவுக்குத் தொழில் கையசைப்பது. திருவொற்றியூர்ப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டில் சிக்னல்மேன். கிரேன் ஓட்டுகிறவனுக்குக் காது கிடையாது, கண் மட்டும்தான். கீழே நிற்கிறவன் கட்டைவிரலை மேலே தூக்கினால் சுமை ஏறும், உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் இறங்கும், விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் உலகமே நிற்கும். முப்பது வருடம் இதையே செய்து, வீட்டிலும் ரசம் போதும் என்றால் முட்டியை மடக்குவார். மனைவி சில்வியா கரண்டியை அந்தரத்திலேயே நிறுத்துவாள். அந்த அளவுக்குப் புரிதலான குடும்பம்.

அப்படிப்பட்டவருக்கு இந்தக் கேள்வி எங்கிருந்து தொற்றியது? எல்லாப் பெருங்கேடுகளையும் போல ஒரு சூப்பர்வைசரிடமிருந்து. ஒருநாள் அவர் மூன்று சிக்னல்மேன்களையும் நிற்கவைத்து, "மூணு பேரும் ஒரு நாள் லீவு எடுத்துக்கங்கய்யா" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். மூன்று பேரும் எடுத்துக்கொண்டார்கள், ஒரே திங்கட்கிழமையில். அன்றைக்கு யார்டில் கிரேன்கள் கொக்கு மாதிரி நின்றன. மறுநாள் விசாரணை. "ஆளுக்கு ஒரு நாள்னு சொன்னேன்யா!" என்று சூப்பர்வைசர் கத்தினார். "ஆளுக்குன்னு நீங்க சொல்லலியே சார்" என்றார் ஆண்ட்ரூ. சொன்ன கணத்தில் அவர் மண்டைக்குள் ஏதோ ஒரு கொக்கி மாட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு இரண்டு பேர், மூன்று பேர், நாலு பேர் என்று யார் வாயைத் திறந்தாலும் அந்தக் கொக்கி ஆடும்.

ஊரடங்குக் காலத்தில் யார்டு பாதி நாள் மூடிக் கிடந்தது. அப்போது கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு லோஜ்பான் கிடைத்தது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பாஷை. பேச்சில் குழப்பமே வரக்கூடாது என்று சிலபேர் உட்கார்ந்து கட்டிய பாஷை. அதில் ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசும்போது "லோய்" போட்டால் எல்லாரும் சேர்ந்து ஒரே மூட்டை. "ரோ" போட்டால் ஒவ்வொருவரும் தனித்தனி. மூன்று பேர் ஒரு பீரோவைத் தூக்கினார்கள் என்று சொல்லவந்தால், மூவரும் சேர்ந்து தூக்கினார்களா, ஒவ்வொருவரும் ஒருமுறை தூக்கிக் காட்டினார்களா என்பதை அந்தச் சின்னச் சொல்லே சொல்லிவிடும். ஆண்ட்ரூ அன்றைக்கு அழுதார் என்று சில்வியா சொல்கிறாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன் என்று அவர் சொல்கிறார்.

ஆக, ராயபுரத்தின் ஒரே லோஜ்பான் பேச்சாளர் ஆனார். பங்குச் சாமியார் கவலையோடு கூப்பிட்டு, "இது எந்த சபை ஆண்ட்ரூ? ஞானஸ்நானம் உண்டா?" என்று விசாரித்தார். போனில் ஒரு குழு இருந்தது. அதில் போலந்துக்காரர் ஒருவர் தினமும் இவருடன் பேசுவார். அன்றன்றைக்கு வீட்டில் நடந்ததில் ஒன்றை அந்தப் பாஷையில் எழுதிப் போடுவது ஆண்ட்ரூவின் பழக்கம். இவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராதது போலந்துவரை தெரியும்.

இதெல்லாம் தெருவுக்கு வெறும் சிரிப்பாகவே இருந்திருக்கும், ஜேக்கப்பின் மகள் ஆலிஸைப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராமல் இருந்திருந்தால்.

ஜேக்கப் சில்வியாவின் தம்பி. காசிமேட்டில் சின்னதாக ஒரு மோட்டார் படகு, ஊர்ப் பேச்சில் போட்டு, வைத்திருக்கிறவர். ஈஸ்டர் முடிந்த கையோடு திருவொற்றியூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஃப்ளோரன்ஸ், முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்க மூணு புள்ளைங்களும் வூடு கட்டிட்டாங்க, ஆண்டவர் கிருபை" என்றாள். கூடம் முழுக்க ஒரு மரியாதையான அமைதி. அந்த அமைதியில் ஆண்ட்ரூ கேட்டார்.

"ஆளுக்கு ஒண்ணா, மூணு பேரும் சேந்து ஒண்ணா?"

முறுக்கு பாதியில் நின்றது. விசாரணையின் முடிவில் தெரியவந்தது: சேர்ந்து ஒன்று. கீழ்வீடு மூத்தவனுக்கு, மாடி நடுவனுக்கு. மாப்பிள்ளைக்கு மொட்டைமாடியில் ஷீட்டு போட்ட அறை, அதிலும் ஒரு பக்கம் தண்ணித் தொட்டி. ஃப்ளோரன்ஸ் காபியை வைத்துவிட்டு எழுந்தாள். "யோசிச்சு சொல்றோம்" என்றார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"மனுசனாயா நீ? எம்பொண்ணு வாழ்க்கைல வந்து பூந்துகினு பாஷ கத்துக்குடுக்கிற! இனிமே எங்கையில பேசாத!" என்று ஜேக்கப் கத்தினார். சில்வியா கத்தவில்லை. அதுதான் ஆபத்து. வீட்டுக்கு வந்ததும் மாதா படத்துக்கு முன்னால் கணவனை நிறுத்தி, வலது கையைத் தூக்கச் சொன்னாள். தனித்தனி, சேத்து, ஆளுக்கு என்று தொடங்கும் எந்தக் கேள்வியும் இந்த வாயில் இனி வராது என்று ஆண்ட்ரூ சத்தியம் செய்தார். மாதா சாட்சி. மெழுகுவர்த்தியும் சாட்சி.

சத்தியம் பண்ணிய மனிதன் பட்ட பாட்டை எழுதினால் கல் கரையும். "ரெண்டு ரேஷன் கார்டுக்கும் அஞ்சு கிலோ" என்று கடையில் சொன்னபோது கேள்வியை விழுங்கி, விக்கல் எடுத்து, தண்ணீர் குடித்துத் தப்பினார்.

இப்படி இருக்கையில் தடைக்காலம் வந்தது. கடலுக்குப் போகக்கூடாத இந்த மாதங்களில்தான் காசிமேட்டில் எல்லாரும் போட்டைத் தூக்கிக் கரையில் வைத்துப் பழுது பார்ப்பார்கள். ஒரு காலை ஜேக்கப் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். ஆண்ட்ரூ உள்ளே நாற்காலியில், கைக்கெட்டும் தூரத்தில். இருவருக்கும் பேச்சு இல்லை. ஆகவே பேச்சுவார்த்தை சில்வியா வழியாக நடந்தது.

"அக்கா, அந்தாளுகிட்ட பெல்ட்டு ரெண்டு கீதுல்ல, யார்டுல கழிச்சது. போட்டு வேலைக்கு வோணும். கம்பிக்கயிறு போட்டா பலகைய அறுத்துரும்."

சில்வியா திரும்பினாள். "இன்னாங்க, பெல்ட்டு கேக்குறான்."

"பரண்மேல கீது. எட்துக்கச் சொல்லு."

ஜேக்கப் ஏறி எடுத்தார். பட்டையான துணி பெல்ட்டுகள், சுமை தூக்குகிறவை. மஞ்சள் நிறம் வெயிலில் வெளுத்து, எத்தனை டன் என்று எழுதியிருந்த துண்டு என்றைக்கோ கிழிந்து போயிருந்தது.

"எத்தினி டன்னு தாங்கும்னு கேளுக்கா."

இந்த இடத்தில்தான் சரித்திரம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அந்த பெல்ட்டுகள் புதிதாக இருந்தபோது ஒவ்வொன்றும் மூன்று டன் தாங்கியவை. வெயில் தின்று யார்டு கழித்துப்போட்ட பிறகு, இரண்டையும் சேர்த்தே மூன்று டன்னுக்கு மேல் நம்பக்கூடாது என்று ஆண்ட்ரூ மனதுக்குள் கணக்கு வைத்திருந்தார். போட்டு வேலை என்றதும் இஞ்சினை மட்டும் கழற்றித் தூக்கப்போகிறான் என்று நினைத்தார். இஞ்சின் ஒரு டன். எதைத் தூக்கப்போகிறான் என்று கேட்டிருக்கலாம். ஆனால் கேள்வி கேட்காத புது மனிதன் அவர். நாக்கில் வந்து நின்ற "சேத்து" என்ற சொல்லையும் சத்தியத்தின் பேரில் தள்ளிவிட்டார். சத்தியம் கேள்விக்குத்தான், பதிலுக்கு அல்ல; இருந்தாலும் திருந்துகிறவர் கொஞ்சம் அதிகமாகவே திருந்தினார்.

"ரெண்டும் மூணு டன் தாங்கும்."

"ரெண்டும் மூணு டன் தாங்குமாம்டா" என்றாள் சில்வியா.

ஜேக்கப் போனார். சில்வியா கணவனைப் பார்த்து, கல்யாணமான புதிதில் சிரித்ததுபோல் ஒருமுறை சிரித்துவிட்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். ஆண்ட்ரூவுக்கு மதியம்தான் டூட்டி. பெருமை தாங்கவில்லை. போனை எடுத்து, மைத்துனன் பெல்ட் வாங்கிப்போனதையும், இரண்டும் மூன்று டன் தாங்கும் என்று ஊரோடு ஒத்து, சாதாரணமாகப் பதில் சொன்னதையும் லோஜ்பானில் எழுதிப் போட்டார். அந்தப் பாஷையிலும் "லோ" என்று ஒரு பொதுச்சொல் உண்டு. அதைப் போட்டால் சேர்த்தா, தனித்தனியா என்பதைச் சொல்லாமல் விடலாம். கண்டிப்பான பாஷைக்குள்ளும் சோம்பேறிக்கு ஒரு சந்து. ஆண்ட்ரூ அந்தச் சந்தில் நுழைந்து வெளியே வந்தார்.

டீயில் பாதி குடித்திருக்கமாட்டார். போலந்துக்காரரிடமிருந்து பதில் வந்தது. ரொம்பச் சின்னக் கேள்வி.

ரோவா, லோயா?

ஆண்ட்ரூ சிரித்தார். தன் வியாதி போலந்துக்கும் பரவிவிட்டதே என்ற திருப்தி. "லோய்" என்று அடிக்கப்போனவரின் விரல் அப்படியே நின்றது. லோய்தான். சரி. ஜேக்கப்பின் காதில் விழுந்தது எது?

மஞ்சள் பெல்ட் ஒன்று மூன்று டன் என்பது காசிமேட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆக அவன் காதில் ரோ. ஒவ்வொன்றும் மூன்று. இரண்டுக்கும் ஆறு. "கம்பிக்கயிறு போட்டா பலகைய அறுத்துரும்" என்றானே. இஞ்சினுக்கு ஏது பலகை? பலகை போட்டுக்கு. அவன் இஞ்சினைத் தூக்கவில்லை, போட்டையே தூக்குகிறான். போட்டு ஐந்து டன்.

டீ டம்ளர் கீழே விழுந்தது.

ஜேக்கப்புக்குப் போன் போட்டார். இரண்டு முறை மணி அடித்து, கட் ஆனது. மறுபடி போட்டார். ஒரே மணியில் கட். அங்கே ஜேக்கப் திரையில் பேரைப் பார்த்து, பல்லைக் கடித்து, கட் பண்ணுவது இவருக்குக் கண்ணில் தெரிந்தது. சில்வியாவுக்குப் போட்டார். சமையலறையில் சார்ஜில் கிடந்த அவள் போன் வேளாங்கண்ணி மாதா பாட்டைப் பாடியது.

கைலியோடு ஓடி ஆட்டோ பிடித்தார். "காசிமேடு வார்ஃபுக்குப் போப்பா. ஜல்தியா."

"இன்னா தல, மீனு வாங்கவா? தடக்காலத்துல நெத்திலி கூட தங்கம்."

"மச்சான் உசுருய்யா!"

ஆட்டோ பறந்தது. கடலோரச் சாலை வரைக்கும்தான். அங்கே துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள், வழக்கம்போல் ஒன்றன் வாலை ஒன்று முகர்ந்துகொண்டு நின்றன. முப்பது வருடமாக எந்தப் பெட்டிகளைக் கையசைத்து ஏற்றினாரோ, அதே பெட்டிகள் இன்றைக்கு அவர் வழியில் சுவராக நின்றன. ஆண்ட்ரூ ஒரு லாரிக்காரனுக்குப் பழக்கதோஷத்தில் முட்டியை மடக்கி, விரித்து, தள்ளிக் காட்டினார். அவன் வேறு ஒரு சைகை காட்டினான். அது எந்த கிரேன் புத்தகத்திலும் இல்லாதது.

இறங்கி ஓடினார். ஐம்பத்திரண்டு வயது உடம்பு, கைலி, ரப்பர் செருப்பு. ஓடும்போது மண்டைக்குள் ஒரே ஒரு யோசனைதான். பலகைப் போட்டைத் தூக்கினால் கீழே கட்டை அடுக்கித்தான் உட்கார வைக்கவேண்டும். கட்டையை அடுக்க ஒருவன் போட்டுக்கு அடியில் போகவேண்டும். ஜேக்கப் அந்த வேலையை இன்னொருவனிடம் விடவேமாட்டான். என் போட்டு, என் கட்டை என்பான்.

மீன்பிடித் துறையான வார்ஃபில் நுழைந்ததும் பார்த்துவிட்டார். ஊருக்குள் எல்லாரும் ஹைட்ரா என்று சொல்லும் அந்தச் சின்ன கிரேன், மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. அதன் கொக்கியில் ஜேக்கப்பின் நீலப் போட்டு, இடுப்பளவு உயரத்தில், அந்தரத்தில். முன்பக்கம் ஒரு பெல்ட், பின்பக்கம் ஒரு பெல்ட். போட்டுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு காலில் செருப்பு இல்லை.

பின்பக்க பெல்ட்டின் ஓரத்தில் தையல் பிரிந்து நூல் நூலாக நின்றது. தூரத்திலிருந்தே தெரிந்தது. மற்றவன் பார்த்தால் அழுக்கு என்பான். ஆண்ட்ரூ பார்த்தால் பெல்ட்டின் கடைசி மூச்சு என்பார்.

ஹைட்ரா ஓட்டும் அப்பாவு இவரைப் பார்த்தார். ஆண்ட்ரூ முட்டியை மடக்கினார். அப்பாவு அப்படியே நிறுத்தினார். ஒரு சிக்னல்மேனின் முட்டியை எந்த ஹைட்ராக்காரனும் மறுக்கமாட்டான். ஆனால் அடுத்தது என்ன? இறக்கச் சொன்னால் ஜேக்கப் மேல் இறங்கும். ஏற்றச் சொன்னால் ஒரு குலுக்கல் போதும், தையல் விட்டுவிடும். கையில் வேறு சைகை மிச்சமில்லை. வேலையில் முதல்முறையாக அவருக்கு வாய் தேவைப்பட்டது.

"ஜேக்கப்! வெளிய வா! ரெண்டும் சேத்துதான் மூணு டன்னு! தனித்தனி இல்ல! சேத்து!"

வார்ஃபே சிரித்தது. பக்கத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பூமாரி, தலையில் கைவைத்தாள். "தோ பார்ரா, தனித்தனி வந்துட்ச்சு! பொண்ணு பாக்க வந்தவங்கள தொரத்தனது பத்தாதுன்னு போட்டு அடிக்கும் வந்துட்ச்சு!"

"பூமாரி, வெளாட்டு இல்ல. சத்தியமா!"

"நீ பண்ண சத்தியம்தான் ஊருக்கே தெரியுமே நைனா."

போட்டுக்கு அடியிலிருந்து ஜேக்கப்பின் குரல் வந்தது. "அக்காகிட்ட பண்ண சத்தியத்த மீறிட்டியா? இர்றா, இந்தக் கட்டைய வச்சுட்டு வரேன். உனுக்கு கீது."

"நான் கேக்கல மச்சான், சொல்றேன்! வெளிய வா!"

"பேஜாரு பண்ணாத. போ."

பின்பக்க பெல்ட்டில் இன்னொரு நூல் பட்டென்று தெறித்தது. சிரிப்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஆண்ட்ரூவுக்கு மட்டும் அது காதுக்குள் கேட்டது. ஐந்து வருடமாகச் சரியான சொல்லைத் தேடி உலகத்தின் மறுகோடிவரை போன மனிதர், இப்போது வேண்டிய சொல் சரியானது அல்ல என்று தெரிந்துகொண்டார். வேண்டியது ஒரு பொய். நல்ல, கொழுத்த பொய்.

"மச்சான்! சம்மந்தி வூட்டுக்காரங்க வந்து கீறாங்கடா! ஃப்ளோரன்ஸம்மா கேட்டாண்ட நிக்குது! சம்மதமாம்!"

கட்டை நகரும் சத்தம் நின்றது. இரண்டு கால்களும் உள்ளே போயின. அடுத்த மூச்சில் மறுபக்கத்திலிருந்து ஜேக்கப், முழங்காலும் முழங்கையும் தேய, நண்டு மாதிரி வெளியே வந்தார். சட்டையில் கையைத் துடைத்து, தலையைக் கோதி, ஒரு காலில் செருப்போடு கேட்டைப் பார்த்து நின்றார். முகத்தில் சம்மந்தி சிரிப்பு.

"எங்க? எங்க கீறாங்க?"

ஆண்ட்ரூ அப்பாவு பக்கம் திரும்பினார். உள்ளங்கையைக் கவிழ்த்து, குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல், மெதுவாக அசைத்தார். அப்பாவு மெதுவாக இறக்கினார். முன்பக்கம் கட்டையில் உட்கார்ந்தது. பின்பக்கம் இன்னும் ஒரு சாண். அரைச் சாண்.

பெல்ட் போனது.

சத்தம் அவ்வளவு பெரிதில்லை, ஈரத்துணியைக் கிழித்தமாதிரிதான். ஆனால் பின்பக்கம் மொத்தமாக உட்கார்ந்து, கட்டை ஒன்று பிளந்து, இன்னொன்று உருண்டு, போட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கருவாட்டு மேலிருந்த காக்கைகள் கிளம்பின. யாரும் சிரிக்கவில்லை. உருண்ட கட்டைக்கு அடியில், ஜேக்கப்பின் மார்பு இருந்த இடத்தில், விட்டுவிட்டு வந்த ஒற்றைச் செருப்பு நசுங்கிக் கிடந்தது.

அப்பாவு ஹைட்ராவின் இஞ்சினை அணைத்தார்.

ஜேக்கப் செருப்பையே பார்த்தார். பிறகு கேட்டைப் பார்த்தார். பிறகு ஆண்ட்ரூவை.

"அப்போ ஃப்ளோரன்ஸம்மா வரல."

"வரல மச்சான்."

"சம்மதமும் சொல்லல."

"சொல்லல."

ஜேக்கப் பிளந்த கட்டைமேல் உட்கார்ந்தார். உயிர் தப்பியவன் முகம் மாதிரி இல்லை அது. பந்தியில் இலை போட்டு, சாதம் வரும் முன் எழுப்பப்பட்டவன் முகம். "ஒரு நிமிசம் நெசம்னு நெனச்சுட்டேன் மாமா" என்றார். மாதம் ஒன்றாகச் சொல்லாத "மாமா". ஆண்ட்ரூ பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"தப்பு என்மேலதான். சேத்துன்னு சொல்லியிருக்கணும். வாய்வரிக்கும் வந்துச்சு. உங்க அக்காவுக்குப் பயந்து முழுங்கிட்டேன்."

"நானும் மஞ்சக் கலரப் பாத்து திருப்பிக் கேக்காம வுட்டுட்டேன். கேட்டா நீ ஆரம்பிச்சுருவன்னு பயம்."

பூமாரி சத்தமில்லாமல் இரண்டு டீ கொண்டுவந்து வைத்தாள். முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள். அவளுக்கு அது பெரிய மன்னிப்பு.

"சுக்கான் வளைஞ்சுட்ச்சு. அக்காகிட்ட ரெண்டு பேரும் சொல்லணுமே" என்றார் ஜேக்கப்.

ஆண்ட்ரூவின் கழுத்து நரம்பு புடைத்தது. மண்டைக்குள் கொக்கி ஆடியது. அவர் வலதுகை முட்டியை இறுக மடக்கி, அதைத் தானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மாமா, கேளேன்."

"கேக்கமாட்டேன். மாதா சாட்சி."

"சரி, நானே கேக்குறேன்." ஜேக்கப் டீயை ஒரு மடக்குக் குடித்தார். "சேந்தா, தனித்தனியாவா?"

"சேந்துதான்" என்றார் ஆண்ட்ரூ, நெஞ்சிலிருந்து மூட்டை இறங்கியதுபோல. "சேந்து போனா ஏச்சு பாதி பாதியா வுழும்."

இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள், மூன்று செருப்போடு. ஆனால் அந்தக் கணக்கு பிசகிவிட்டது. சில்வியாவுக்கு லோய் தெரியாது. கணவனுக்கு முழுசாக ஒன்று, தம்பிக்கு முழுசாக ஒன்று என்று தனித்தனியாகவே கொடுத்தாள். கொடுத்து முடித்துவிட்டு, மாதா படத்துக்கு முன்னால் போய், அந்தச் சத்தியத்தைத் தானே திருப்பி எடுத்துக்கொண்டாள்.